தகப்பன் கையின்கீழ்ப் பாடியவர்கள்

தாவீது அரசன் ஆலய இசைப்பணியை ஒழுங்குபடுத்திய வரலாற்றை முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஏமானுக்குப் பதினான்கு குமாரரும் மூன்று குமாரத்திகளும் இருந்தனர் என்றும், அவர்கள் தங்கள் தகப்பன் வசத்திலிருந்து ஆலயத்தில் பாடினர் என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. வெறும் பெயர்ப்பட்டியல் என எண்ணி நாம் விரைந்து கடந்துபோகும் பகுதி இது. ஆயினும் தேர்ச்சி பெற்ற 288 பாடகர் கொண்ட அப்பெருங்குழு, குடும்பங்களிலிருந்தே உருவாயிற்று என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது. இவ்வுண்மைக்குத் தமிழ்த் திருச்சபை வரலாற்றிலும் சான்று உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் இல்லம் அவற்றுள் தலையாயது.

பண்டிதர் 1859இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களிலேயே வயலின் கற்றார். பின்னர்த் தஞ்சையில் ஆசிரியப் பணி ஆற்றி, அதை விடுத்துச் சித்த மருத்துவத்தில் பெரும்புகழ் எய்தினார். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசைக்கென்றே செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, அதன் மாநாடுகளைத் தஞ்சையில் கூட்டினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது.

அவருடைய ஆராய்ச்சியை அறிஞர் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே நோக்க விரும்புவது, அவர் தம் மக்களுக்கு இசையை எவ்வாறு கையளித்தார் என்பதையே.

தொடக்க மாணவர் பயிலும் கீதங்கள் பெரும்பாலும் தெலுங்கில் இருந்த காலம் அது. பொருள் விளங்காத பாட்டில் பிள்ளைகளின் உள்ளம் ஒன்றுவது அரிது. எனவே பண்டிதர் தமிழில் 96 பாடல்களை இயற்றி, ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்னும் பெயரில் 1907இல் வெளியிட்டார். பெரிய ஆராய்ச்சி நூலுக்குப் பத்தாண்டுகள் முன்னரே கற்போருக்குரிய இந்நூல் வந்தது என்பது நம் கவனத்துக்குரியது.

1916இல் பரோடாவில் முதலாம் அகில இந்திய இசை மாநாடு கூடிற்று. ஒரு தாயியில் சுருதிகள் இருபத்திரண்டு என்பதே அறிஞர் பலரின் கொள்கை. இருபத்துநான்கு என்பது பண்டிதரின் துணிபு. அதை அந்த அவையில் மெய்ப்பிக்க அவர் தம்முடன் அழைத்துச் சென்றவர்கள் தம் புதல்வியரான மரகதவல்லி, கனகவல்லி ஆகியோர். குடும்பப் பெண்கள் பொது அவையில் பாடுவது இழுக்கெனக் கருதப்பட்ட அந்நாளில், தந்தை உரைத்ததை மகளிர் பாடிக் காட்டினர். அவர்களை அவர் அலங்காரத்துக்காக மேடையேற்றவில்லை. தம் வாழ்நாள் உழைப்பு நிற்பதோ வீழ்வதோ என்ற வேளையில் அவர்களைத் துணையாக நம்பினார்.

அவர் கொள்கையை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1919இல், இரண்டாம் பாகம் அச்சேறுமுன், அவர் காலமானார். ஆயினும் அவ்விளக்கு அணையவில்லை. பரோடாவில் பாடிய அதே மரகதவல்லி அம்மையார், இருபத்தேழு ஆண்டுகளுக்குப்பின், 1946இல் அந்த இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். மகன் வரகுண பாண்டியன் யாழ் பற்றிய ‘பாணர் கைவழி’ என்னும் நூலை 1950இல் இயற்றினார். தந்தை விட்டுச்சென்றது செல்வம் மட்டுமாயின் அது பங்கிடப்பட்டுக் கரைந்திருக்கும். அவர் விட்டுச்சென்றது ஒரு தாகம்.

நம் கொங்கு நாட்டிற்கும் இப்பாடம் அந்நியமன்று. ஈரோட்டில் இலண்டன் மிஷன் பணியாற்றிய பாப்ளி ஐயர், வேற்று நாட்டவராயினும் நம் இசையை மாணவராக அமர்ந்து கற்றார். 1921இல் இந்திய இசை பற்றி ஒரு நூலே எழுதினார். தாம் கற்றதை நேசித்ததனாலேயே அவரால் பிறருக்கு அதை எடுத்துரைக்க முடிந்தது.

இன்று காந்திபுரத்துத் தெருக்களில் சபையாரின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது, பல வீடுகளில் இசைக்கருவிகளைக் காண்கிறோம். குடும்ப ஜெபத்தில் பாடும் குரலையோ அரிதாகவே கேட்கிறோம். பெற்றோர் கட்டணம் செலுத்தி வகுப்புக்கு அனுப்புகின்றனர். தாம் வாய் திறப்பதில்லை. பிறரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. நாமும் நம் மகனை வயலின் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மாலை வேளைகளில் சபைக் கணக்கேடுகளோடு அமர்ந்திருந்தோம். ஒருநாள் அவன், “அப்பா, நீங்கள் ஏன் வீட்டில் பாடுவதேயில்லை?” என்று கேட்டான். தக்க மறுமொழி நம்மிடம் இல்லை. இரண்டாண்டுகளில் அவனும் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான்.

பண்டிதரின் இல்லம் நமக்குக் கற்பிப்பது இதுவே: பிள்ளைகளுக்கு விளங்கும் மொழியில் பாட்டைக் கொடுக்கவேண்டும், அவர்கள் காண நாமே கற்கவேண்டும், நம் பணியில் அவர்களுக்கு மெய்யான பங்களிக்கவேண்டும். குரல் நயம் இல்லையே எனத் தயங்கவேண்டியதில்லை. திருப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர், பாடகர் குழுவைத் திரட்டுமுன் தம் இல்லத்து மாலை ஜெபத்தில் ஒரு கீர்த்தனையைத் தாமே தொடங்குவாராக. ஏமானின் பதினேழு மக்களும் ஆலயத்தில் பாடுமுன் தகப்பன் குரலை வீட்டில் கேட்டிருப்பார்கள் அன்றோ?