உறைகுளிரில் படம் எடுக்க எந்த ட்ரைபொட் ஹெட்?

நோர்வேயின் வடகோடியான பின்மார்க் மாநிலத்து மீன் தொழிற்சாலைகளில் 1980களிலிருந்தே எம்மவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவரைப் படம் எடுக்க ஒரு ஜனவரித் தொடக்கத்தில் போயிருந்தேன். 1995 இடப்பெயர்வில் அவரது குடும்ப அல்பங்கள் வலிகாமத்து வீட்டோடு போய்விட்டன. உழைத்த இடத்தின் முன்னால் நின்று எடுத்த ஒழுங்கான படம் ஒன்றையாவது பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த நாட்களில் அங்கே சூரியன் எழுவதில்லை. நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். ஷட்டரை மெதுவாகத் திறக்க வேண்டும், எனவே ட்ரைபொட் இல்லாமல் முடியாது. நான் கொண்டுபோனது வீடியோவுக்கென வாங்கிய மலிவான புளூயிட் ஹெட். குளிர் மறை 14 பாகை, கூடவே கடற்காற்று. ஹெட்டைத் திருப்பினால் அசையவில்லை. அழுத்தித் தள்ளினால் திடீரெனத் துள்ளி, ஐயாவைத் தாண்டிப் போய் நின்றது.

"தம்பி, குளிர் எனக்குப் பழகிப்போச்சு. நீர் ஆறுதலாச் செய்யும்" என்றார். வெளிச்சம் ஆறுதலாக இருக்கவில்லை. அன்று படம் கிடைக்கவில்லை.

ஊடகக் கற்கைப் பட்டப்படிப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புளூயிட் ஹெட்டின் மென்மையான அசைவுக்குக் காரணம் உள்ளே இருக்கும் பிசுபிசுப்பான திரவம் அல்லது கிறீஸ். குளிரில் அது தேன்போல இறுகிவிடும். பற்சக்கர ஹெட்டுக்கும் இதே கதிதான். உலோகமும் சும்மா இருப்பதில்லை. ஒரே அளவு குளிருக்கு அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். 40 மில்லிமீற்றர் அலுமினியக் குண்டு 40 பாகை குளிர்ந்தால் கிட்டத்தட்ட 0.04 மில்லிமீற்றர் சிறுக்கும். அற்பமாகத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் இறுக்கிய பிடி வெளியே தளர்வதற்கு அது போதும்.

ஆகவே படத்துக்கு மட்டும் என்றால் என் தெரிவு போல் ஹெட். அசையும் பாகங்கள் குறைவு, கிறீசும் குறைவு. குண்டு பெரிதாகவும், இறுக்கும் குமிழ் தடித்த கையுறையோடு பிடிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சின்னக் குமிழுக்காகக் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும். ஈரக்கை வெறும் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். கமராவை மாட்டும் பிடிக்கு, நெம்புகோலைவிடத் திருகி இறுக்குவதையே விரும்புகிறேன். தகடு சுருங்கினாலும் இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம். பள்ளத்தில் பனி புகுந்தால் துடைக்கப் பழைய பல் தூரிகை ஒன்று பையில் இருக்கட்டும். நீண்ட கைபிடியுள்ள சாதாரண ஹெட்டும் மோசமில்லை, பாரம்தான் பிரச்சினை.

வீடியோ கட்டாயம் என்றால் உற்பத்தியாளர் குறிப்பிடும் இயங்கு வெப்பநிலையைப் பார்த்து வாங்குங்கள். பெப்ரவரி 4 கரிநாள் கவனயீர்ப்புகளை ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ பதிவுசெய்யும் இளையோருக்கும் இது பொருந்தும். விலை கையைக் கடிக்கும்தான். வாங்கியதை ஒரு பொலித்தீன் பையில் கட்டி இரவு முழுக்க வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அங்கே மறை 18 பாகையளவு இருக்கும். காலையில் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இறுகியிருந்தால் பலத்தைப் பிரயோகிக்க வேண்டாம், எண்ணெய் ஸ்ப்ரேயும் அடிக்க வேண்டாம். அது உள்ளிருக்கும் கிறீசைக் கரைத்துவிடும்.

வெளியிலிருந்து திரும்பும்போது கமராவையும் ஹெட்டையும் பைக்குள் மூடிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பை மெல்லச் சூடாகும்வரை திறக்கக் கூடாது. இல்லாவிட்டால் நீர் படிந்து, மறுநாள் குளிரில் அதுவே பனியாகி மூட்டுகளைப் பூட்டிவிடும்.

மறுநாள் ஐயாவின் மருமகன் தன் பழைய போல் ஹெட்டைத் தந்தார். பெயின்ற் உரிந்த, விலாசமில்லாத ஒன்று. ஐயா அதே இடத்தில், அதே நீலத் தொப்பியோடு வந்து நின்றார். மூன்றாவது படத்தில் சிரித்தார்.