கல்லீரல் பரிசோதனைகள்

கல்லீரலுக்கு நோய் உண்டா, உண்டென்றால் எதனால் வந்தது, எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறியச் செய்யப்படும் ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள், திசு ஆய்வு ஆகியவை கல்லீரல் பரிசோதனைகள் எனப்படும். வலியோ காமாலையோ காட்டாமலே சிரோசிஸ் என்னும் கல்லீரல் இறுக்கம் பல ஆண்டுகள் வளரக்கூடும். அதனால் வேறெதற்கோ கொடுத்த ரத்தத்தில்தான் பலருக்கு நோயின் முதல் தடயம் கிடைக்கிறது.

ஆய்வகங்கள் எல்எஃப்டி என்ற பெயரில் தரும் அறிக்கையில் பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஏஎல்பி, மொத்தப் புரதம், அல்புமின் ஆகிய அளவுகள் இருக்கும். சில இடங்களில் ஜிஜிடியும் சேரும்.

சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமி பிலிருபின். கல்லீரல் இதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது. இயல்பான அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிகிராம். 2, 3 என ஏறும்போது கண்வெள்ளை மஞ்சளாகத் தெரியும். மாற்றப்படாத பிலிருபின் மட்டும் மிகுந்தால் சிவப்பணுச் சிதைவையோ, பட்டினி கிடக்கும்போது கூடும் கில்பர்ட் எனும் தீங்கற்ற பரம்பரை இயல்பையோ நினைக்க வேண்டும். மாற்றப்பட்டது மிகுந்தால் கல்லீரல் செல்களிலோ பித்தநாளத்திலோ கோளாறு. இரண்டையும் பிரித்துக் காட்டும் வழியை நெதர்லாந்து மருத்துவர் ஹைமன்ஸ் வான் டென் பெர்க் 1910களில் கண்டார்.

எஸ்ஜிபிடியும் எஸ்ஜிஓடியும் செல்களுக்குள் இருக்கும் நொதிகள். செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். வைரஸ் காமாலையில் இவை உயர்வதை இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டி ரிட்டிஸும் அவருடைய சகாக்களும் 1955இல் வெளியிட்டனர். தீவிர வைரஸ் தொற்றிலும், பாராசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்கியவர்களிடமும் இவை ஆயிரக்கணக்கில் ஏறும். மதுவால் வந்த பாதிப்பில் பெரும்பாலும் சில நூறுகளைத் தாண்டுவதில்லை. ஆனால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும் உண்டு என்பதால் அதன் உயர்வை மட்டும் வைத்துக் கல்லீரலைக் குறைசொல்ல முடியாது. ஏஎல்பி என்னும் நொதி பித்தநாள அடைப்பில் ஏறும். எலும்பு வளரும் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இயல்பாகவே கூடியிருக்கும். கூடவே ஜிஜிடியும் ஏறியிருந்தால் காரணம் கல்லீரல் பக்கம்.

நோயாளியும் வீட்டாரும் பெரும்பாலும் இந்த எண்களையே கவனிக்கிறார்கள்; இவை இறங்கினால் நிம்மதி அடைகிறார்கள். இது ஆபத்தான நிம்மதியாகலாம். நொதிகள் காட்டுவது காயத்தை. கல்லீரலின் வேலைத்திறனை அல்ல. முற்றிய சிரோசிஸில் எஸ்ஜிபிடி இயல்பாகவே இருக்கக்கூடும். திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் கசிவதற்குச் செல்களே மிஞ்சாததாலும் நொதி அளவு சரியலாம். வேலைத்திறனைச் சொல்பவை கல்லீரல் தானே தயாரிக்கும் பொருள்கள்: அல்புமினும் ரத்தம் உறையவைக்கும் புரதங்களும். அல்புமின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 நாள் ஆகும் என்பதால் அது மெதுவாகவே செய்தி சொல்லும். ஏழாம் உறைவுக் காரணியோ சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். எனவே தீவிர காமாலையில், ரத்தம் உறைய ஆகும் காலத்தைக் காட்டும் புரோத்ராம்பின் நேரமும் ஐஎன்ஆரும் மிக முக்கியமானவை. வைட்டமின் கே ஊசிக்குப் பிறகும் ஐஎன்ஆர் ஏறிக்கொண்டே போனாலோ, நோயாளி குழப்பமாகப் பேசினாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எல்எஃப்டி தொகுப்பில் பல இடங்களில் ஐஎன்ஆர் இருப்பதில்லை. தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

காரணத்தை அறிய வேறு பரிசோதனைகள் உண்டு. ஹெபடைடிஸ் பி தொற்றை அறிய, அந்த வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் புரதத்தை 1960களில் பரூக் பிளம்பர்க் கண்டுபிடித்தார். 1976இல் நோபல் பரிசு பெற்றார். காமாலைக்குத் தரப்படும் மூலிகையான கீழாநெல்லிக்கும் இந்தப் பரிசோதனைக்கும் தொடர்பு உண்டு. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்குடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988இல் வெளியானது. கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்ததாக அது சொன்னது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறும். பி வகை சிலரிடம் நிலைத்துவிடும். கண்ணின் மஞ்சள் மறைந்ததை வைத்து அந்த வேறுபாட்டை அறிய முடியாது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கொழுப்பு, பித்தக்கல், கட்டி, வயிற்று நீர் ஆகியவற்றைக் காட்டும். சிரோசிஸ் உள்ளவர்கள் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க 6 மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ள வேண்டும். தழும்பால் கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை ஃபைப்ரோஸ்கேன் அதிர்வலை கொண்டு அளக்கும். சாப்பிட்டவுடன் விறைப்பு கூடுவதால் 3 மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஊரில் வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கையும் கொண்டு ஃபிப்-4 என்னும் மதிப்பெண்ணைக் கணக்கிடலாம்; அது 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு.

இவற்றால் தெளிவு கிடைக்காதபோது, குறிப்பாகத் தன்னெதிர்ப்பு நோயிலும் மாற்றுக் கல்லீரலை உடல் நிராகரிக்கிறதா என்ற ஐயத்திலும், பயாப்சி தேவைப்படும். விலா எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி எடுக்கும் துண்டு முழுக் கல்லீரலில் சுமார் 50,000இல் ஒரு பங்கு என்பதால் பாதிப்பு சீராக இல்லாத நோயில் அது தவறான படத்தைத் தரலாம். ரத்தம் உறைவதில் கோளாறோ வயிற்றில் நீரோ இருந்தால் கழுத்துச் சிரை வழியாகத் திசு எடுப்பார்கள்.