தோழிக்கு யார் புடவை எடுப்பது?

விருத்தாசலம் கடைவீதிக்குக் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்களிடம் இப்போது இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று பழையது: முகூர்த்தப் புடவை, சம்பந்தி புடவை, நாத்தனார் புடவை, தாய்மாமனுக்கு வேட்டி. மற்றது கல்யாணப் பெண்ணின் செல்போனில் இருக்கும்: வரவேற்பு மேடையில் நிற்கப்போகும் கல்லூரித் தோழிகளுக்கு ஒரே நிறத்தில் உடுப்பு. கேட்டால் ‘பிரைட்ஸ்மெய்ட் டிரெஸ்’ என்பார்கள். பத்திரிகைத் தமிழில் அவர்கள் மணத்தோழிகள். பொருத்தமான சொல்தான். ஆனால் தோழி மணமேடைக்கு வந்து சேர்ந்த வழி நேர்வழி அல்ல.

தொல்காப்பியத்தில் தோழி வெறும் சினேகிதி இல்லை, செவிலியின் மகள். வளர்த்தவள் வயிற்றில் பிறந்தவள் என்பதால் பாதி உறவுக்காரி. களவை மறைப்பதும், தலைவனை மடக்கிக் கேள்வி கேட்பதும், ‘எப்போது கட்டிக்கொள்ளப் போகிறாய்’ என்று நெருக்குவதும் அவள் வேலை. அத்தனையும் செய்தவளுக்குக் கல்யாணத்தன்று வேலை இல்லை. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூறு 86ஆம் பாட்டில் உளுந்துக் களி உண்டு, மணல் பரப்பிய பந்தல் உண்டு, விளக்கு உண்டு. மணப்பெண்ணை நீராட்டுகிறவர்கள் மட்டும் நான்கு பெண்கள்; நால்வரும் பிள்ளை பெற்றவர்கள். தோழியோ, தலைவன் பிற்பாடு அந்தக் கல்யாணக் கதையைச் சொல்லிச் சமாதானப்படுத்தும் ஆளாகப் பாட்டுக்கு வெளியே நிற்கிறாள். அந்த நால்வரின் நகையைச் சொன்ன புலவர் அவர்கள் உடையைச் சொல்லவில்லை. புதுத்துணி பெண்ணுக்கு மட்டும்தான், கோடிக் கலிங்கம். கோடி என்ற சொல்லை நாம் இன்னும் விடவில்லை.

ஐரோப்பியக் கணக்கு இதற்கு நேர் எதிர். மெய்ட் என்றாலே கன்னி; பிள்ளை பெற்றவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணியின் திருமணத்தில் பன்னிரண்டு கன்னிப்பெண்கள் வெள்ளை உடுத்தி அவருடைய நீண்ட அங்கியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவர்கள் உடைக்கு மாதிரி வரைந்தவர் ராணியேதான். ‘தோழிகள் எல்லாரும் ஒரே மாதிரி, பெண்ணின் விருப்பப்படி’ என்ற ஆசைக்கு நல்ல பரம்பரை இருக்கிறது. விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்த ஒற்றுமை புதிதில்லை. இங்கே பீங்கான் பொம்மைக்குக் களிமண் கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சி, ஓரத்தில் மண் கெட்டியானதும் மீதியைக் கவிழ்த்துவிடுவார்கள். வரிசையாக வெளிவரும் பொம்மைகள் போலத்தான் வரவேற்பு மேடைப் படங்களும்.

தமிழ்க் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு நிற்பவள் வேறொருத்தி. பல சமூகங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளைப் போடுவதும் அவள்தான்: நாத்தனார். பழைய சொல். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையில், கண்ணகி சமைக்கும் நாளில் கூடவே இருக்கும் இடைக்குல மகள் ஐயை, அவளுக்கு ‘நாத்தூண் நங்கை’. இரத்த உறவில்லாத ஊரில் அந்தப் பெயரே ஓர் உறவை உண்டாக்கிக் கொடுக்கிறது. மலையாளத்தில் இன்றும் நாத்தூன், கன்னடத்தில் நாதினி, இந்தியில் நனத், சமஸ்கிருதத்தில் நநாந்த்ரு. இத்தனை மொழிகளில் ஒரே வாடை அடிக்கும் சொல்லை ‘நா’ என்றும் ‘துணை’ என்றும் பிரித்துப் பொருள் சொல்வது பட்டிமன்றத்துக்குத்தான் ஆகும்.

நாத்தனாருக்குப் புடவை எடுப்பது பெண் வீட்டார். கடையில் மிகக் கடினமான தேர்வு அதுதான் என்பேன். முகூர்த்தப் புடவைக்குப் பெண்ணின் விருப்பம் போதும். நாத்தனார் புடவைக்கு இராஜதந்திரம் வேண்டும். “நம்ம பொண்ணோடதுக்கு ஒரு படி கம்மியா இருக்கணும், ஆனா கம்மின்னு தெரியக் கூடாது” என்று பெண்ணின் அம்மா சொல்ல, கடைப்பையன் சளைக்காமல் அடுத்த கட்டைப் பிரிப்பான்.

யாழ்ப்பாணத்தில் தோழியும் நாத்தனாரும் ஒருத்தியிடமே சந்தித்துக்கொண்டார்கள். அங்கே மாப்பிள்ளைத் தோழன் பெண்ணின் சகோதரன். தோழி மாப்பிள்ளையின் சகோதரி. கூறைத் தட்டைப் பெற்றுக்கொண்ட பெண்ணோடு உள்ளே போய் அதை உடுத்திவிடுவதும் அவள்தான். தமிழ்நாட்டின் நாத்தனாருக்கு அங்கே தோழி என்று பெயர். கூறை என்றால் பழந்தமிழில் துணி. கூறு போடுவதிலிருந்து கூறை. துணிப்பதிலிருந்து துணி, அறுப்பதிலிருந்து அறுவை என்பது போல. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த மயிலாடுதுறைக் கூறைநாட்டிலும் அந்தச் சொல் இருக்கிறது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சந்நிதியில் தாலி கட்டினால் பிரைட்ஸ்மெய்ட் வரிசைக்கு வேலை இல்லை. அங்கே நாத்தனார் போதும். தோழிகளின் நேரம் மாலை, மண்டபத்தில். சிக்கல், கல்லூரி முடித்த நாத்தனாரையும் பெண் தன் வரிசையில் நிற்கக் கூப்பிடும்போது வருகிறது. காலைப் புடவை பெண் வீட்டுக் கணக்கு. மாலை உடுப்பை யார் வாங்குவது? அமெரிக்காவில் தோழியே தன் காசில் வாங்கிக்கொள்வது வழக்கம். இங்கே அப்படி ஒரு பேச்சை எடுக்க எந்தச் சம்பந்திக்கும் துணிச்சல் கிடையாது. அதனால் அந்தப் பில்லும் பெரும்பாலும் பெண்ணின் அப்பா தலையில்தான் விழுகிறது.