புது வண்டிக்குப் பழைய ஆக்ஸில்: ஒரு தலைகீழ் வரலாறு

'பேக் டு தி ஃப்யூச்சர்' (1985) படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் கதாநாயகன் மார்ட்டி ஏக்கத்தோடு பார்ப்பானே ஒரு கறுப்பு பிக்கப், அது டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்க வண்டி. படம் வந்த 1985-தான், அமெரிக்காவில் அந்த பிக்கப் முன்பக்கம் முழு ஆக்ஸிலோடு விற்கப்பட்ட கடைசி மாடல் வருடம். 1986 மாடலில் டொயோட்டா அதை எடுத்துவிட்டது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். புது மாடலை வாங்கியவர்களில் ஒரு கூட்டம், அதன் முன்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, காயலான் கடையில் தேடிப் பிடித்த பழைய ஆக்ஸிலை மாட்ட ஆரம்பித்தது!

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். முன்னேற்றம் என்றால் முன்னோக்கித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கதை கொஞ்சம் உதைத்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், முழு ஆக்ஸில் என்றால் என்ன? மாட்டு வண்டியின் இருசை நினைத்துக்கொள்ளுங்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. இங்கே தண்டுக்குப் பதில் கெட்டியான குழாய். அதற்குள் டிஃபரன்ஷியலும் சுழலும் தண்டுகளும். 1941-இல் வந்த ராணுவ ஜீப்பிலும் இதுதான், 1979-இல் அமெரிக்காவுக்கு வந்த டொயோட்டா 4x4 பிக்கப்பிலும் இதுதான்.

இதில் ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த சக்கரத்துக்கும் அந்த ஆட்டம் போகும். எடையும் அதிகம். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு முதுகு வலிதான் மிச்சம். எண்பதுகளில் பிக்கப் வாங்கியவர்களில் பலர் அதைக் குடும்ப வண்டியாகவும் ஓட்டினார்கள். எனவே ஃபோர்டு 1980-இல் எஃப்-150-இன் முன் ஆக்ஸிலை நடுவில் இரண்டாகப் பிரித்தது. டொயோட்டா 1986-இலும், செவ்ரோலே 1988-இலும் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்புக்கு மாறின. சாலைக்கு அது நிச்சயமாக நல்ல மாற்றம்தான்.

ஆனால் எல்லோரும் சாலையில் ஓட்டவில்லையே! கலிஃபோர்னியாவின் ருபிகான் பாதை மாதிரி இடங்களில் 1953-இலிருந்தே ஜீப் கூட்டங்கள் பாறை ஏறிக்கொண்டிருந்தன. அங்கே கணக்கே வேறு. முழு ஆக்ஸிலில் ஒரு சக்கரத்தைப் பாறை மேலே தள்ளினால், எதிர்ச் சக்கரம் கீழே அழுத்தப்பட்டுத் தரையைப் பிடித்துக்கொள்ளும். டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரிதாக மாறாது. தனித்தனி அமைப்பிலோ, ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டியின் வயிறும் டிஃபரன்ஷியலும் சேர்ந்தே பாறையை நோக்கி இறங்கும். வண்டியை அதிகம் உயர்த்தினால் தண்டின் மூட்டுகள் வளைந்து உடையும்.

சரி, பழையதை மாட்டுவோம் என்று முடிவு செய்தாயிற்று. எதை மாட்டுவது? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். "எது பலமானது?" என்று தொடங்குகிறார்கள். பலத்தை கிரவுன் வீலின் விட்டத்தால் ஒப்பிடுவது வழக்கம். டொயோட்டா 8 அங்குலம், டானா 44 சுமார் 8.5, டானா 60 என்றால் 9.75. அப்படியானால் டானா 60-தானே வெற்றி? அவசரப்படாதீர்கள்.

முதல் கேள்வி, டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் என்பது. 1986 முதல் 1995 வரையான டொயோட்டா பிக்கப்பில் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் போகும் தண்டு வலப்பக்கம் இருக்கிறது. 1979-85 ஆக்ஸிலிலும் வலப்பக்கம்தான், எனவே நேராகப் பொருந்தும். பழைய செவ்ரோலே ஆக்ஸிலும் வலம். ஃபோர்டின் டானா 44 இடம். ஜீப் வேகனீரில் 1980-இலிருந்து இடம். 1995-இல் வந்த டகோமாவில் டொயோட்டாவே இடப்பக்கம் மாறிவிட்டதால், அந்த வண்டிக்காரர்கள் ஃபோர்டு, வேகனீர் பக்கம் போனார்கள்.

இரண்டாவது, அகலம். 1979-85 ஆக்ஸில் புது மாடலைவிடச் சுமார் 3 அங்குலம் குறுகல். பின் சக்கரத்தோடு சேர இடைத்தட்டு போட வேண்டும். ஃபோர்டு ஆக்ஸிலோ சுமார் 65 அங்குலம், சின்ன பிக்கப்பில் சக்கரம் வெளியே துருத்தும். மூன்றாவது, போல்ட். டொயோட்டாவுக்கு ஆறு போல்ட், 5.5 அங்குல வட்டம், வேகனீருக்கும் அதே. ஃபோர்டு எஃப்-150-க்கு ஐந்து. நான்காவது, பல் விகிதம். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

ஐந்தாவதுதான் பலம். அதையும் டயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 33 அங்குல டயருக்கு டானா 60 மாட்டினால், அதன் பெரிய வயிறே பாறையில் இடிக்கும். எதற்காக மாற்றினோமோ அதுவே போய்விடும்!

அதனால்தான் காகிதத்தில் சிறியதான டொயோட்டா ஆக்ஸில் இத்தனை பேருக்குப் பிடித்தது. அதன் பலவீனம் சக்கரத்தின் அருகே இருக்கும் பிர்ஃபீல்ட் மூட்டு. பெரிய டயரோடு திருப்பி முறுக்கினால் உடையும். பாறை ஏறுபவர்கள் உதிரி மூட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டே போனார்கள். பிறகு குரோம்-மாலி எஃகில் வலுவான மூட்டுகள் வந்தன. தொண்ணூறுகளின் லேண்ட் குரூஸர் 80-இன் முன் டிஃபரன்ஷியலும் இதே குழாயில் பொருந்துகிறது. அதில் பினியன் உயரத்தில் இருப்பதால் தண்டு பாறையில் உரசுவதும் குறைந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஸ்டீயரிங். 1979-85 வண்டியில் ஸ்டீயரிங் கம்பி முன்னும் பின்னுமாகத் தள்ளும். ஸ்பிரிங் நன்றாக அசையும்போது சக்கரம் தானாகவே திரும்பிவிடும். எனவே ஆக்ஸில் மாற்றுபவர்கள் 1986-க்குப் பிந்தைய மாடலின் ஸ்டீயரிங் பெட்டியை வைத்துக்கொண்டு, கம்பியைக் குறுக்காக அமைத்தார்கள். பழைய வண்டிக்காரர்களும் அந்தப் புதுப் பெட்டியைத் தேடி வாங்கினார்கள்! இவர்கள் பழமைவாதிகள் அல்ல. எதில் எது நல்லதோ அதை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இது விளையாட்டல்ல. சட்டத்தில் உள்ள அசல் தாங்கிகளை வெட்டிய பிறகு திரும்பிப் போக வழி கிடையாது. அதே வண்டி மறுநாள் நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சரியாக அமையாவிட்டால் ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும்தான்.

ஜீப் ராங்லர், சுஸுகி ஜிம்னி, லேண்ட் குரூஸர் 70 ஆகியவை இன்றும் முன்பக்கம் முழு ஆக்ஸிலோடுதான் வருகின்றன. ஆக, 1986-இல் பழையது தோற்கவில்லை, வாங்குபவர்தான் மாறினார். 'எது சிறந்தது?' என்று யாராவது கேட்டால், 'எந்தப் பாதைக்கு, எந்த டயரோடு?' என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு காயலான் கடைக்குப் போகலாம்.