தேங்காய்க் கணக்கில் ஒரு கிறிஸ்துமஸ்

டிசம்பர் வந்தாலே, அந்தமானில் குடியேறிய நம்ம வீடுகளில் ஊருக்கு டிக்கெட், புதுத்துணி, கேக் என்று பண்டிகை கையைக் கடிக்கும். வங்கிக்காரனான எனக்கு அப்போதெல்லாம் தெற்கே இருக்கும் கார் நிக்கோபார் கணக்குதான் ஞாபகம் வரும்.

அங்கே ஒரு காலத்தில் தேங்காய்தான் பணம். வியாபாரிகளிடம் துணி, அரிசி எல்லாம் தேங்காய் கொடுத்தே வாங்கினார்கள். 1896-ல் அங்கே போன தமிழர் வேதப்பன் சாலமனிடம் படித்தவர் ஜான் ரிச்சர்ட்சன். பின்னாளில் பிஷப் ஆனார். கிறிஸ்துமஸும் தீவின் பெரிய பண்டிகையானது. தோப்பும் பன்றிகளும் ‘துஹெத்’ எனும் கூட்டுக்குடும்பத்துக்குப் பொது. வளர்த்த பன்றிதான் விருந்து. செலவு ஒரு தலையில் விழாது.

2004 டிசம்பர் 26, பண்டிகைக்கு மறுநாள். சுனாமி தோப்பையும் பன்றிகளையும் மனிதர்களையும் வாரிக்கொண்டு போனது. பிறகு நிவாரணம் தனித்தனிக் குடும்பங்களுக்குப் பணமாக வந்தது. பைக், டிவி என்று அது கரைந்ததையும், துஹெத்கள் பிளவுபட்டதையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். காசோலை உடனே பணமாகிவிடும். நட்ட தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமே!

பாஸ்புக்கில் இருப்பது மட்டும் சேமிப்பு இல்லைங்க. சேர்ந்து செலவு செய்ய நாலு பேர் இருப்பதும் சேமிப்புதான். இந்த டிசம்பரில் பக்கத்து வீடுகளோடு ஒரே அடுப்பில் விருந்து வைத்துப் பாருங்களேன்.