நிலம் இல்லாதவருக்கு எது ஈடு? நுண்கடனின் கதை

களப்பணிக்குக் காலனிகளுக்குப் போகும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "இன்னைக்குக் குழு நாள், பணம் கட்டிட்டு வந்துடுறேன், இருங்க." அந்தக் குழுக் கடனைப் பற்றி மாணவர்கள் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். இது வறுமையை ஒழிக்கும் வழியா? அல்லது சட்டை மாற்றி வந்த கந்துவட்டியா? ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. இதன் வரலாற்றை ஒரு கேள்வியோடு படித்தால் விடை பிடிபடும்: யார், எதை ஈடாக வைத்துக் கடன் வாங்கினார்கள்?

ஏழைகளை வட்டிக்காரரிடமிருந்து மீட்கத்தான் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஆனால் 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய ஊரகக் கடன் ஆய்வின்படி, விவசாயக் குடும்பங்கள் வாங்கிய கடனில் ஏறக்குறைய 70 சதவீதம் வட்டிக்காரர்களிடம் வாங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 சதவீதம்தான். சங்கம் ஈடு கேட்டது. ஈடு என்றால் நிலம். நிலம் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், கூலிக்குப் போன சேரி மக்களின் நிலை என்ன? அவர்களிடம் ஈடாக வைக்க இருந்தது உடம்பு மட்டுமே. அப்பன் மருத்துவத்துக்கு வாங்கிய கடனுக்கு மகன் பண்ணையில் மாடு மேய்த்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது.

அதே 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில், பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தன் பையிலிருந்து 27 டாலர் மதிப்புள்ள பணத்தைக் கடனாகக் கொடுத்தார். மூங்கில் முக்காலி பின்னும் பெண்களுக்கு மூங்கில் வாங்கவே வியாபாரியிடம் கையேந்த வேண்டியிருந்தது. அந்தச் சிறு தொகை அந்தப் பிடியை விடுவித்தது. 1983இல் இம்முயற்சி கிராமீன் வங்கி ஆனது. ஐந்து பேர் கொண்ட குழு, வாரத் தவணை, நில ஈடு கிடையாது. ஆனால் இதற்கு முன்பே, 1974இல், அகமதாபாத்தில் சேவா அமைப்பின் 4,000 உழைக்கும் பெண்கள் தலா 10 ரூபாய் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று வங்கி தொடங்கியிருந்தார்கள். இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சுய உதவிக் குழு முதலில் சேமிக்கிறது, தன் பணத்தைத் தானே சுற்றுக்கு விடுகிறது, பிறகு வங்கிக்குப் போகிறது. தனியார் நுண்கடன் நிறுவனம் நேராகக் கடனோடு வருகிறது. நம் பெண்கள் முதன்முதலாக வங்கி வாசலை மிதித்ததும், கிராம சபையில் எழுந்து பேசியதும் பெரும்பாலும் முதல் வகைக் குழுக்களின் வழியாகத்தான். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

2010இல் இந்தக் கதை முறிந்தது. ஆகஸ்டில் ஒரு பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போய்க் கோடி கோடியாகப் பணம் திரட்டியது. அக்டோபரில் ஆந்திர அரசு, கடன் நெருக்கடித் தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகு, வசூலைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதுதான் கூட்டுப் பொறுப்பு. ஒரே தெருவில் வாழும் பெண்களை அது ஒருவருக்கொருவர் வசூல்காரர்களாக மாற்றியது. நில ஈடு போன இடத்தில் பெண்ணின் மானம் ஈடானது.

ஆய்வுகளும் மிகைப்படுத்தல் வேண்டாம் என்கின்றன. ஹைதராபாத்தின் 104 குடியிருப்புகளில் பானர்ஜி, டூஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வில், கடன் கிடைத்த பகுதிகளில் சிறுதொழில் முதலீடு கூடியது. ஆனால் குடும்பச் செலவிலோ, குழந்தைகளின் கல்வியிலோ, பெண்களின் அதிகாரத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை.

ஏன் என்று நமக்குத் தெரியும். கடன் வாங்கி இட்லிக் கடை போடலாம். ஊர்க்காரர் அந்த இட்லியை வாங்க மாட்டார் என்றால்? கடன் பணம் தரும்; சாதி அடைத்து வைத்த சந்தையைத் திறந்து தராது.

கடனை விட நன்றாக வேலை செய்தது எது? வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் பரம ஏழைகளுக்குக் கடன் கொடுக்காமல் ஆடு, மாடு போன்ற சொத்தையே கொடுத்தது. கூடவே சில காலம் உதவித்தொகையும் பயிற்சியும் தந்தது. இந்த முறையை ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவுகளில், திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் உயர்ந்தே இருந்தன.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர். ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் வேண்டும் என்று அவர் அறிக்கை எழுதியது 1891இல். அதன் வழியே வந்தவைதாம் பஞ்சமி நிலங்கள். அவற்றில் எவ்வளவோ கைமாறிப் போய்விட்டன.

எனவே தோழர்களே, குழுக்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவசரச் செலவுக்குக் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்காமல் இருக்க அவை வேண்டும். அந்தப் பெண்களிடம் ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளைக் கொண்டுபோய்ச் சேருங்கள்: எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. ஆனால் வறுமை ஒழிப்பு என்று யாராவது கடனை மட்டும் நீட்டினால், நிலம் எங்கே என்று கேளுங்கள்.