திருநாள் காட்டும் திகதி

எத்தாளையை உள்ளிட்ட கற்பிட்டிக் கரையோரத்துப் பழைய குடும்பங்களில் ஒருவரது பிறந்த நாளைக் கேட்டால், மாதமும் எண்ணும் வருவது அரிது. "நத்தாருக்கு மூன்றாம் நாள்" என்றோ, "செபஸ்தியார் கொடியேறிய கிழமை" என்றோதான் விடை வரும். இதனை அறியாமை என்று கொள்வது நியாயமன்று. 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்தனர். 1687இல் இலங்கை வந்த யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் ஊர்ஊராகத் திரிய நேர்ந்தது. குருவுமின்றி ஏடுமின்றி வாழ்ந்த சபைக்குத் திருநாள் வரிசையே நாட்காட்டியாயிற்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததோ 1867இல். 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி போன்ற கற்றவருக்கு ஆண்டுக் கணக்கு எழுத்தில் நின்றது. கடலோடியின் மகனுக்கு அது எங்ஙனம் நிற்கும்?

நத்தார் டிசம்பர் 25, செபஸ்தியார் ஜனவரி 20, அந்தோனியார் ஜூன் 13. இவை நிலையான நாட்கள், தொல்லையில்லை. பாஸ்குவோடு அசையும் நாட்களில்தான் கவனம் வேண்டும். பெரிய வெள்ளி 1818இல் மார்ச் 20. 1886இல் ஏப்ரில் 23. ஆண்டு தெரியாமல் இதனைத் திகதியாக்கப் புகுவது வீண் முயற்சி. ஆண்டு தெரிந்தாலோ, விபூதிப் புதன், தேவநற்கருணைத் திருநாள் யாவும் விரல்விட்டு எண்ணக் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், திருச்சபையே நாட்களை மாற்றியது. தோமையார் திருநாள் முன்பு டிசம்பர் 21. 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அது ஜூலை 3. பழைய ஏட்டில் "தோமையார் திருநாளன்று பிறந்தான்" என்றிருக்க, இன்றைய நாட்காட்டியைப் பார்த்து ஜூலை என்று எழுதுவோர் ஏறக்குறைய அரை ஆண்டு தவறுவர். ஆண்டு குறிக்காத ஏட்டில் கிறிஸ்து அரசர் திருநாள் வருமாயின், அது 1925க்கு முந்தியதாக இருக்க முடியாது. அத்திருநாள் ஏற்படுத்தப்பட்டதே அவ்வாண்டில்தான். அன்னம்மாள் திருநாள் ஜூலை 26. எனினும் நமக்கு அண்மையிலுள்ள தலவில் ஆலயத்தின் பெருவிழா ஆகஸ்டில். மார்ச்சிலும் அங்கு ஒரு விழா உண்டு. ஆகவே "அன்னம்மாள் திருவிழா" என்னும் ஒரே சொல் மூன்று மாதங்களைக் குறிக்கலாம்.

இதனால் என்ன என்பீர்கள். அண்ணன் தம்பியருள் மூத்தவர் யார், காணி கைமாறியபோது பிள்ளைக்கு உரிய வயது வந்திருந்ததா என்பன வழக்குமன்றம் வரை சென்று நிற்கும் கேள்விகள். பத்திரங்களை இழந்தவர்க்கோ நினைவே சாட்சி. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இப்பக்கம் வந்த முஸ்லிம் மக்களுள் எத்தனையோ பேர் அந்நிலையில் இருந்தனர். நோன்புப் பெருநாளை வைத்துச் சொல்லப்படும் பிறப்பு இன்னும் நுட்பமானது. சந்திர ஆண்டு ஏறக்குறைய 354 நாளே ஆகையால், பெருநாள் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முந்தி வந்து, முப்பத்துமூன்று ஆண்டளவில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும்.

ஆகவே கிழவர்களிடம் திருநாளைக் கேட்டபின், அன்று வீசிய காற்று எது என்றும் கேட்பது என் வழக்கம். வாடை என்றால் டிசம்பர்த் தோமையார்; சோளகம் என்றால் ஜூலைத் தோமையார். தலவில் விழாவும் அவ்வாறே. கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன என்றால் அது ஆகஸ்டு விழாவாகும். கடல் தணிந்து தொழில் நடந்தது என்றால் மார்ச்சு.